7. காத்திருக்கும் நேரத்துக்கும் கூலி: பள்ளி விடுமுறைக்கும் விட்டுவிட்டு வரும் வேலைக்கும் ஆயா வைப்பது

ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பள்ளி ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள் நடக்க வேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். பெற்றோர் பக்கமிருந்து இதை வாசித்தால், குழந்தை 165 நாள் வரை வீட்டில் இருக்கும் என்று பொருள். அதில் ஞாயிறு 52-ஐக் கழியுங்கள். தமிழ்நாட்டில் தொழில் நிறுவனங்கள் கட்டாயம் தர வேண்டிய தேசிய, பண்டிகை விடுமுறை 9 நாளையும் கழியுங்கள். வாரத்துக்கு ஆறு நாள் வேலைக்குப் போகும் வீட்டில் 104 நாள் மிஞ்சுகிறது. சனிக்கிழமையும் லீவு என்றால் 52 நாள். பெற்றோர் இருவரும் ஆளுக்குப் பன்னிரண்டு நாள் லீவை, ஒரே நாளில் எடுக்காமல் மாற்றி மாற்றி, குழந்தைக்காகவே செலவழித்தாலும் 28-லிருந்து 80 நாள் வரை யாரும் இல்லாத நாட்கள். 210, 220 நாள் நடக்கும் பள்ளியாக இருந்தால் இந்த எண் குறையும், இல்லாமல் போகாது. பள்ளி மூன்றரை மணிக்கு விட்டு, அலுவலகம் ஆறரைக்கு விடும் அன்றாட இடைவெளி இந்தக் கணக்கில் சேரவேயில்லை.

சட்டம் இந்த ஓட்டையை ஓரளவுக்குத்தான் அடைக்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்ய வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் சொன்னது. ஆனால் அதற்காக மத்திய அரசு வகுத்த வழிகாட்டுதல் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளை மனத்தில் வைத்தது. ஏழு வயதுப் பையன் மே மாதம் முழுவதும் எங்கே இருப்பான் என்பது அவரவர் வீட்டுப் பிரச்சினை. பாட்டி வருகிறார், பக்கத்து வீட்டில் விடுகிறோம், அம்மா வேலையை விடுகிறார், அல்லது ஆயா தேடுகிறோம். கடைசி வழியைத் தேர்ந்தவர்களுக்கானது இந்த அத்தியாயம். இதில் சொல்லவருவது ஒன்றுதான்: விட்டுவிட்டு வரும் வேலைக்குப் பார்த்த மணிக்கு மட்டும் கூலி கொடுத்தால் ஆள் நிற்காது; உங்களுக்காக ஒதுக்கி வைத்த நேரத்துக்கும் சேர்த்துக் கொடுத்தால் நிற்கும். யாரைத் தேடுவது, என்ன பேசுவது, எதை எழுதுவது என்பதெல்லாம் இதிலிருந்துதான் பிறக்கிறது.

அவருடைய கணக்கு

“ஒரு மாசத்துக்குப் பதினைந்தாயிரம் தர்றேன்னு சொன்னேன், அப்பவும் வரலை” என்பது ஏப்ரலில் பல வீடுகளில் கேட்கும் குறை. எதிர்ப்பக்கம் இருந்து கணக்குப் போட்டால் காரணம் தெரிந்துவிடும். எண்கள் விளக்கத்துக்காக மட்டும். நீங்கள் கூப்பிட்டவர் மூன்று வீடுகளில் காலையில் வேலை செய்கிறார், வீட்டுக்கு 3,000 வீதம் மாதம் 9,000 ரூபாய். உங்கள் வீட்டுக்கு மே முழுக்க வந்தால் 15,000. கையில் 6,000 கூடுதல். ஆனால் அந்த மூன்று வீட்டிலும் பாத்திரம் ஒரு மாதம் காத்திருக்காது; வேறு ஆள் வந்துவிடும். ஜூனில் அவர் மறுபடி வீடு தேட வேண்டும். ஜூனில் ஒரு வீடு, ஜூலையில் இரண்டு வீடு, ஆகஸ்டில்தான் மூன்றாவது என்று வைத்துக்கொண்டால் ஜூனில் 6,000, ஜூலையில் 3,000 என மொத்தம் 9,000 நட்டம். உங்கள் தாராளமான சம்பளத்தை வாங்கியதால் அவருக்கு 3,000 ரூபாய் கைவிட்டுப் போகிறது. இந்தக் கணக்கை அவர் காகிதத்தில் போடுவதில்லை. அனுபவத்தில் போட்டு வைத்திருக்கிறார். வரமாட்டேன் என்பார். அல்லது வருவார், நடுவில் ஒரு நிரந்தர வீடு கிடைத்ததும், “ஊர்ல ஒரு காரியம்” என்று சொல்லி நின்றுவிடுவார். இதை நன்றிகெட்டதனம் என்று எடுத்துக்கொள்ளும் வீடு அடுத்த வருடமும் அதே தவற்றைச் செய்யும்.

இரண்டாவது முடிச்சு இன்னும் இறுக்கமானது. உங்கள் குழந்தைக்கு லீவு விடும் அதே நாளில் அவருடைய குழந்தைக்கும் லீவு. உங்களுக்கு ஆள் மிகவும் தேவைப்படும் வாரத்தில்தான் அவரும் தன் வீட்டில் மிகவும் தேவைப்படுகிறார். பள்ளி நாட்களில் தவறாமல் வந்துகொண்டிருந்த ஒருவர் காலாண்டு லீவில் திடீரென்று வராமல் போவதற்குப் பெரும்பாலும் வேறு மர்மம் இல்லை. எனவே விடுமுறைக்கு ஆள் தேடும்போது, “எத்தனை வருஷ அனுபவம்?” என்பதற்கு முன்னால், “உங்க பிள்ளைங்க என்ன வயசு? லீவுல யார் பார்த்துக்குவாங்க?” என்று கேட்க வேண்டும். அவரை வடிகட்டி அனுப்ப இந்தக் கேள்வி அல்ல. வழி இருக்கிறதா என்று இருவரும் சேர்ந்து பார்க்க. பத்து வயது மகளை உடன் அழைத்துவர நீங்கள் சம்மதித்தால் சில வீடுகளில் அதுவே தீர்வு. ஆனால் அந்தச் சிறுமி விருந்தாளி. பாப்பாவுக்குச் சோறு ஊட்டுவதும் பின்னால் ஓடுவதும் அவள் வேலையாகிவிடக் கூடாது. பதினான்கு வயதுக்கு உட்பட்டவரை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 முதலே தடை. 2016 திருத்தம் தடையை எல்லாத் தொழிலுக்கும் விரித்தது. இந்த வேலையைப் பொறுத்தவரை பதினெட்டு வயது நிரம்பாத யாரிடமும் குழந்தையை ஒப்படைக்க வேண்டாம். நெருப்பு, தண்ணீர், காய்ச்சல் எல்லாவற்றுக்கும் தனியாக முடிவெடுக்க வேண்டிய வேலை அது.

இந்த இரண்டு முடிச்சையும் சேர்த்துப் பார்த்தால் தேட வேண்டிய இடமும் தெளிவாகும். முதலில், பிள்ளைகளை வளர்த்து முடித்த நாற்பத்தைந்து, ஐம்பது வயதுப் பெண்கள். அடுத்து, சிறிய தனியார் நர்சரிப் பள்ளிகளில் ஆயாவாகவும் உதவி ஆசிரியையாகவும் இருப்பவர்கள். பள்ளி மூடும்போது அவர்களுக்கும் வேலை இல்லை. பல இடங்களில் மே மாதச் சம்பளமும் இல்லை. உங்களுக்கு ஆள் தேவைப்படும் நாளும் அவர்களுக்கு வருமானம் தேவைப்படும் நாளும் ஒன்றாகிவிடுவதால் இழக்க அவர்களுக்கு வேறு வீடு இருக்காது. மூன்றாவது, கல்லூரி மாணவியர். ஆனால் பருவத் தேர்வு ஏப்ரல், மே வரை நீளும் என்பதால் தேர்வு அட்டவணையைக் கேட்காமல் பேசி முடிக்காதீர்கள். ஏற்கெனவே உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவையே கேட்பதும் நல்ல வழி. குழந்தைக்கு முகம் தெரியும், அவருக்கு வீடு தெரியும். ஆனால் அவரிடம் கூடுதல் மணிகளைக் கேட்கிறீர்கள் என்றால் அது தனி வேலை, தனிச் சம்பளம். “அப்படியே பாப்பாவையும் பார்த்துக்கோங்க” என்று பழைய சம்பளத்தின் வாலில் கட்டிவிடக் கூடாது.

நாட்களைப் பிரித்தல்

யாரும் இல்லாத நாட்கள் எல்லாம் ஒரே வகை அல்ல. அவற்றை ஒரே ஒப்பந்தத்தில் அடைக்க முயல்வதால்தான் பேச்சு குழம்புகிறது. முதல் வகை நீண்ட, முன்பே தெரிந்த விடுமுறை: ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் முதல் வாரம் வரையிலான கோடை. இரண்டாவது வகை குறுகிய, முன்பே தெரிந்த விடுமுறைகள்: செப்டம்பர் கடைசியில் காலாண்டு, டிசம்பர் கடைசியில் அரையாண்டு, ஜனவரியில் பொங்கல். மூன்றாவது வகை முன்பே தெரியாத நாட்கள்: மழை லீவு, திடீர்க் காய்ச்சல், ஆறு மணிக்கு முடிய வேண்டிய கூட்டம் எட்டரை வரை இழுத்துக்கொண்ட மாலை. ஒவ்வொரு வகையிலும் ஒரு நிச்சயமின்மை இருக்கிறது. அதை யார் சுமக்கிறார் என்பதுதான் சம்பளப் பேச்சின் உட்பொருள். நாள் ரத்தானால் காசு இல்லை என்று நீங்கள் சொன்னால் முழுப் பாரமும் அவர் தலையில். எப்போது கூப்பிட்டாலும் வர வேண்டும், கூப்பிடாவிட்டால் ஒன்றும் இல்லை என்பது ஒருவரை நாள் முழுக்க வாசலில் உட்கார வைத்துவிட்டுக் காசு தராமல் அனுப்புவதற்குச் சமம்.

கோடையைப் பருவ வேலையாக நடத்துங்கள். தொடங்கும் நாள், முடியும் நாள், மொத்தத் தொகை மூன்றும் முன்பே முடிவாக வேண்டும். நடுவில் நீங்கள் ஒரு வாரம் ஊருக்குப் போனால் அந்த வாரச் சம்பளம் உண்டா? உண்டு என்பதே சரி, ஏனென்றால் அந்த ஒரு வாரத்துக்கு அவருக்கு வேறு வேலை கிடைக்காது. அதை முழுச் சம்பளமாகத் தர முடியாவிட்டால் பாதி என்று முன்பே சொல்லுங்கள். திரும்பி வந்த பிறகு சொல்லாதீர்கள். அவருடைய பழைய வீடுகளைக் காப்பாற்றுவதும் உங்கள் அக்கறையாக இருக்கட்டும். காலை பத்து மணிக்குள் அவர் இரண்டு வீடு முடிப்பார் என்றால் உங்களுக்குப் பத்தரையிலிருந்து வரச் சொல்லி, அதுவரை பெற்றோரில் ஒருவர் தாமதமாகக் கிளம்பலாம். அல்லது அவருடைய தங்கையோ மருமகளோ அந்த வீடுகளுக்கு ஒரு மாதம் பதிலுக்குப் போக ஏற்பாடு செய்யச் சொல்லலாம். இப்படிக் காப்பாற்றிய ஒவ்வொரு வீடும் நீங்கள் கொடுக்க வேண்டிய ஈட்டுத் தொகையைக் குறைக்கிறது. ஆள் நடுவில் நின்றுவிடும் அபாயத்தையும் குறைக்கிறது.

காலாண்டு, அரையாண்டு, பொங்கல் ஆகியவற்றுக்கு முன்பதிவு முறை பொருந்தும். பள்ளி நாட்காட்டி ஜூனிலேயே கைக்கு வந்துவிடும். அந்தத் தேதிகளைக் குறித்துக் கொடுத்து, சிறிய முன்பணமும் கொடுத்துவிட்டால் அவர் மற்ற வீடுகளில் லீவு சொல்ல நேரம் இருக்கும். பொங்கலுக்கு அவருக்கும் ஊர் இருக்கிறது, வீட்டில் பொங்கல் பானை இருக்கிறது என்பதை நினைவில் வைத்து, அந்த மூன்று நாளைக் கேட்காமல் இருப்பது நல்லது. கேட்டால் கூடுதலாகக் கொடுங்கள். மூன்றாவது வகைக்கு மாத நிச்சயத் தொகை வேண்டும்: கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் மாதம் இத்தனை மணிக்கான காசு உறுதி, அதற்கு மேல் போனால் மணிக்கணக்கு. மழை லீவுக்கு மட்டும் இன்னொரு நிபந்தனையும் உண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆட்சியர் பள்ளிக்கு விடுமுறை அறிவிப்பது சில சமயம் முந்தைய இரவு, சில சமயம் விடியற்காலை. பள்ளியை மூட வைத்த அதே தண்ணீர் அவர் தெருவிலும் நிற்கும். இரண்டு பேருந்து மாறி வரும் ஒருவரை மழை நாளுக்கு நம்புவது பலிக்காது. அந்த நாட்களுக்கு நடந்து வரும் தூரத்தில் ஒருவரைத் தனியாகப் பேசி வையுங்கள், அது அடுத்த பிளாக்கில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியையாகக்கூட இருக்கலாம்.

நிச்சயமின்மையின் விலை

காத்திருப்புக்குக் காசு என்பது புதுமையான கோரிக்கை அல்ல. முகூர்த்தத் தேதிக்கு நாதஸ்வரக் குழுவுக்கு முன்பணம் கொடுக்கும்போது வாசிப்புக்கு மட்டும் கொடுப்பதில்லை. அந்த நாளை வேறு யாருக்கும் கொடுக்காமல் இருப்பதற்கும் சேர்த்துக் கொடுக்கிறோம். கல்யாணம் தள்ளிப்போனால் மண்டபத்தின் முன்பணத்தில் ஒரு பகுதி போய்விடும் என்பதையும் முகம் சுளித்தாவது ஏற்றுக்கொள்கிறோம். குழந்தைக்கு அம்மை போட்டு இரண்டு வாரம் பள்ளிக்குப் போகாவிட்டாலும் பள்ளி வேன்காரர் மாதக் கட்டணத்தைக் குறைப்பதில்லை. இருக்கை காலியாக ஓடினாலும் அது உங்களுக்கென்று ஒதுக்கியது. வீட்டுக்குள் வந்து வேலை செய்யும் பெண்ணிடம் மட்டும் இந்த நியாயத்தை மறந்துவிடுகிறோம். வேறு நாடுகளில் இது சட்டமாகவே இருக்கிறது. நெதர்லாந்தில் 2020 முதல், அழைத்தால் வரும் பணியாளரைக் குறைந்தது நான்கு நாள் முன்னதாக அழைக்க வேண்டும். அந்தக் கெடுவுக்குள் ரத்து செய்தால் அழைத்த நேரத்துக்கான சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் நிரந்தரமில்லாத பணியாளருக்கு, விடுப்பும் வேலை உறுதியும் இல்லாததற்கு ஈடாக, பொதுவாக 25 சதவீதம் கூடுதல் கூலி. அந்தச் சட்டங்கள் நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஒழுங்கற்ற நேரம் ஒழுங்கான நேரத்தைவிட விலை கூடியது என்ற பொருளாதார உண்மை அங்கும் இங்கும் ஒன்றே.

2023-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற க்ளாடியா கோல்டினின் ஆய்வுகள் இதே உண்மையை அலுவலகத்தின் பக்கமிருந்து காட்டின. நீண்ட நேரம், எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும் ஊழியருக்குச் சில தொழில்கள் மணிக்கணக்கை மீறிக் கூடுதலாகக் கொடுக்கின்றன. தம்பதியரில் ஒருவர் அந்த வேலையைப் பிடிக்க, மற்றவர், பெரும்பாலும் மனைவி, வீட்டுக்கு எப்போதும் கிடைக்கும்படி எளிதான வேலைக்கு மாறுகிறார். ஆண் பெண் சம்பள இடைவெளியின் ஒரு பெரும் பங்கு இங்கே உருவாகிறது என்பது அவர் வாதம். இதை நம் வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். எட்டு மணிக் கூட்டத்துக்கும் சளைக்காமல் உட்காருவதற்கு உங்கள் நிறுவனம் பதவி உயர்வாகவோ ஊக்கத்தொகையாகவோ ஏதோ ஒன்று தருகிறது. அப்படி உட்கார முடிவதற்குக் காரணம், வீட்டில் உங்களுக்குப் பதிலாக ஒருவர் எட்டரை வரை இருப்பது. அலுவலகத்திடம் நீங்கள் விற்கும் ‘எப்போதும் தயார்’ என்ற சரக்கை நீங்கள் அவரிடமிருந்துதான் வாங்குகிறீர்கள். விற்கும்போது விலை உண்டு, வாங்கும்போது கிடையாது என்று சொல்ல முடியாது.

இனி எண். தமிழ்நாடு அரசு 2018-இல் வீட்டுப் பணியாளர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியமாக மணிக்கு 37 முதல் 39 ரூபாய் வரை நிர்ணயித்தது. அது தரைமட்டம், அன்றைக்குப் போட்ட தரை. இன்றைய கூலி உங்கள் பகுதியில் என்ன என்பதை நான்கு வீட்டில் விசாரித்தால் தெரிந்துவிடும். அந்த வழக்கமான மணிக்கூலியை எடுத்துக்கொண்டு, ஒழுங்கற்ற நேரத்துக்குக் கால் பங்காவது கூட்டுங்கள். பிறகு நிச்சயத் தொகையை அமைக்கலாம். கணக்குக்காக மணிக்கு 100 ரூபாய், மாதம் 20 மணி உறுதி என்றால் மாதம் 2,000. 26 மணி வந்தால் 2,600. வருடத்தில் நான்கு மாதம் வெறும் 12 மணிதான் கூப்பிட்டீர்கள் என்றால் பயன்படுத்தாமல் கொடுத்த தொகை 3,200. மாதம் 40,000 சம்பாதிக்கும் ஒருவருக்கு, 26 வேலை நாள் கணக்கில், ஒரு நாள் சம்பளமில்லா விடுப்பு 1,500 ரூபாய்க்கு மேல். ஆக வருடம் முழுக்கக் காத்திருப்புக்குக் கொடுத்தது ஏறக்குறைய இரண்டு நாள் விடுப்பின் விலை. தீபாவளி போனஸையும் இதே முறையில் தீர்க்கலாம்: வருடம் முழுக்க அவருக்குக் கொடுத்ததைப் பன்னிரண்டால் வகுத்தால் ஒரு மாத போனஸ் எவ்வளவு என்று சண்டையில்லாமல் தெரிந்துவிடும்.

ஆளைத் தெரிந்துகொள்வது

ஆயா என்ற சொல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்தது. வட தமிழகத்தின் பல வீடுகளில் அதே ஒலி பாட்டியையும் குறிக்கிறது. இந்த இரண்டு பொருளும் ஒரு சொல்லில் கலந்திருப்பது நம் எதிர்பார்ப்பையும் கலக்கிவிடுகிறது. பாசம் பாட்டியளவு வேண்டும், சம்பளம் கூலியாள் அளவு போதும் என்று நினைக்கிறோம். பாசத்தை நேர்காணலில் அளக்க முடியாது, நிதானத்தை அளக்கலாம். அதனால் கேள்விகள் சம்பவங்களாக இருக்கட்டும். “பாப்பா காசை முழுங்கிட்டா என்னக்கா பண்ணுவீங்க?” “மத்தியானம் ரெண்டு மணிக்குக் கரண்ட் போயிடுச்சு, பையன் வெளியே விளையாடணும்னு அழுவுறான், என்ன சொல்வீங்க?” “சொந்தக்காரர்னு சொல்லி ஒருத்தர் வந்து குழந்தையைக் கூட்டிட்டுப் போறேங்கிறார். எங்க ஃபோன் எடுக்கலை. என்ன செய்வீங்க?” பதிலைவிட, பதில் வரும் விதத்தைக் கவனியுங்கள். “உடனே உங்களுக்கு ஃபோன் போடுவேன்” என்பது எல்லாவற்றுக்கும் வந்தால், ஃபோன் எடுக்காத நேரத்தில் என்ன என்று மறுபடி கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்பவர், தெரிந்ததுபோல் காட்டுபவரைவிடப் பாதுகாப்பானவர். அவரும் உங்களிடம் கேட்கட்டும்: வீட்டில் யார் யார், கேமரா எங்கே, சாப்பாடு உண்டா, இரவு திரும்ப யார் அனுப்பி வைப்பார்?

தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் வீட்டுப் பணியாளருக்கான சரிபார்ப்பு வசதி இருக்கிறது. அவர் சம்மதத்தோடு அதைச் செய்யலாம். ஆனால் வழக்கு இல்லை என்ற தகவலுக்கு மேல் அது எதையும் சொல்லாது. அவர் முன்பு வேலை செய்த இரண்டு வீடுகளில் விசாரிப்பது அதைவிடப் பயன் தரும். “நல்லவங்களா?” என்று கேட்காமல், “குழந்தை அடம்பிடிச்சப்ப என்ன பண்ணுவாங்க? ஏன் நின்னாங்க?” என்று கேளுங்கள். ஏஜென்சி வழியாக வந்தால், நீங்கள் கட்டும் தொகையில் அவர் கைக்கு எவ்வளவு போகிறது என்பதையும் அறியுங்கள். தேர்வு முடியும் முன்பே, கூலி கொடுத்து, மூன்று அரை நாள் வெள்ளோட்டம் பாருங்கள். முதல் நாள் நீங்களும் கூடவே. இரண்டாம் நாள் அடுத்த அறையில். மூன்றாம் நாள் இரண்டு மணி நேரம் வெளியே. அந்த மூன்று நாளில் சம்ப் மூடி, பால்கனிக் கதவு, கேஸ் வால்வு, குளியலறை வாளி ஆகியவற்றை நடந்து காட்டுங்கள். மருந்து அவர் தன் முடிவில் கொடுக்கக் கூடாது. 108, 1098, இரண்டு பெற்றோர், ஒரு பக்கத்து வீடு என ஐந்து எண்கள் குளிர்பதனப் பெட்டிக் கதவில் பெரிய எழுத்தில் இருக்கட்டும். குழந்தையிடமும் ஒரு பாடம் பேசுங்கள்: அம்மா அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று யார் சொன்னாலும் அதை முதலில் சொல்ல வேண்டியது அம்மா அப்பாவிடம்தான். கேமரா வைத்திருந்தால் அவருக்குத் தெரிவித்துவிட்டே வையுங்கள். மறைவாக வைத்தது தெரியவரும் நாளில் உறவு முடிந்துவிடும்.

ஒரு தாளில் எழுத வேண்டியவை

ஒப்பந்தம் என்றால் முத்திரைத்தாள் என்று மிரள வேண்டாம். தமிழில், ஒரு பக்கத்தில், சத்தமாகப் படித்துக்காட்டி, ஆளுக்கொரு பிரதி, அவ்வளவுதான். தேதிகளும் மணிகளும், மணிக்கூலியும் மாத உறுதித் தொகையும், பணம் கொடுக்கும் நாளும் முதலில் வரும். அடுத்து ரத்து விதி: முந்தைய நாள் மாலைக்குள் சொன்னால் பாதி, அதற்குப் பிறகு சொன்னால் முழுக் கூலி என்பது நியாயமான தொடக்கம், அவர் வர முடியாத நாளை எப்போது சொல்ல வேண்டும் என்பதும் அதே வரியில். ஒரு முறை அழைத்தால் குறைந்தது மூன்று மணிக்கான கூலி, ஏனென்றால் ஒரு மணி வேலைக்கு வந்துபோகவே ஒரு மணி ஆகும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமில்லை என்றாலும், இரவு எட்டரைக்கு மேல் திரும்பினால் ஆட்டோக் காசு உங்களுடையது. வேலையின் எல்லையையும் எழுதுங்கள்: குழந்தையின் தட்டு, துணி, விளையாடிய இடம் அவர் பொறுப்பு, வீட்டுப் பாத்திரமும் தரை துடைப்பதும் வேண்டுமென்றால் தனிக் கூலி. ஒரே நேரத்தில் இரண்டு வேலையையும் கொடுத்தால் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை டிவிக்கும் செல்ஃபோனுக்கும் போய்விடும். அவருடைய அசல் ஆதாரை வாங்கி வைக்காதீர்கள். கடைசி மாதச் சம்பளத்தைப் பிடித்தும் வைக்காதீர்கள். பயத்தில் நிற்கும் ஆளிடம் குழந்தையை விடுவது புத்திசாலித்தனம் அல்ல. வீட்டுப் பணியாளர்களுக்கென 2007-இல் தமிழ்நாட்டில் ஏற்பட்ட நல வாரியத்தில் அவர் பதிவு செய்திருக்கிறாரா என்று கேட்டு, இல்லையென்றால் விண்ணப்பத்துக்கு உதவுங்கள்.

எதிர்க்கேள்விகள்

முதல் மறுப்பு, கட்டுப்படியாகாது என்பது. உண்மையான மறுப்பு; தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனால் இதைச் சொல்லும்போது பல வீடுகளில் ஆயாவின் சம்பளத்தை அம்மாவின் சம்பளத்தோடு மட்டும் ஒப்பிடுகிறார்கள்: “உன் சம்பளத்துல பாதி அவங்களுக்கே போகுது.” குழந்தை இருவருடையது; ஆயா வருவதால் இருவருடைய வேலையும் நடக்கிறது; செலவையும் வீட்டு மொத்த வருமானத்தோடுதான் ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்த பிறகும் முடியவில்லை என்றால் கூலியை வெட்டாமல் நாட்களை வெட்டுங்கள். ஒரே அடுக்ககத்தில் இரண்டு வீட்டார் சேர்ந்து, இரண்டு குழந்தைக்கு ஒருவர் என்று வைத்து, அவருக்கு ஒன்றரை மடங்கு கொடுத்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் முக்கால் பங்குதான். காலையில் கோடை முகாம், பிற்பகலில் ஆயா என்றும் பிரிக்கலாம். கூலியைக் குறைத்துப் பிடித்த ஆள் மே பத்தாம் தேதி நின்றுவிட்டால், மீதி மாதத்துக்கு நீங்கள் எடுக்கும் விடுப்பு அந்த மிச்சத்தைப் போலப் பல மடங்கு தின்றுவிடும்.

இரண்டாவது, முன்பணம் வாங்கிவிட்டு வராமல் போனால் என்ன செய்வது? நடக்கக்கூடியதுதான். அதனால்தான் முன்பணம் சிறிதாக இருக்க வேண்டும், ஒரு வாரக் கூலிக்கு மேல் வேண்டாம். கோடை முழுவதும் வந்து முடித்தால் கடைசி நாளில் ஒரு வாரக் கூலி கூடுதல் என்று இன்னொரு முனையிலும் கட்டுங்கள். இது அவருக்குச் சேர வேண்டிய சம்பளத்தைப் பிடித்து வைப்பது அல்ல, மேலே கொடுப்பது. ஜூனில் வீடு தேடும் நாட்களை அவருக்கு இது ஓரளவு ஈடுகட்டும். மூன்றாவது, எழுதி வைத்தால் நம்பிக்கை கெட்டுவிடும் என்பது. நம்பிக்கை பெரும்பாலும் கெடுவது ஞாபகத்தால்தான். ஏழு மணிக்கு மேல் தனிக் காசு என்று பேசியதாக அவருக்கும், பேசவில்லை என்று உங்களுக்கும் நினைவிருக்கும். இருவரும் பொய் சொல்லவில்லை. தாள் அந்தச் சண்டையை இருவருக்கும் மிச்சமாக்குகிறது. தவிர, விட்டுவிட்டு வரும் வேலையில் அடுத்த சந்திப்பு மூன்று மாதம் தள்ளி இருக்கலாம். தினமும் பார்க்கும் உறவைவிட இதற்குத்தான் எழுத்து அதிகம் தேவை.

நான்காவது, பாட்டி இருக்கும்போது ஆயா எதற்கு என்பது. பாட்டியின் நேரம் இலவசம் என்ற எண்ணம் இந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. அறுபத்தைந்து வயது முழங்காலோடு கத்திரி வெயிலில் ஆறு வயதுப் பையன் பின்னால் பத்து மணி நேரம் ஓடச் சொல்வதும் ஒருவகைக் கூலியில்லா வேலைதான். பாட்டி வீட்டில் இருக்க, ஓடியாடும் வேலைக்கு நாலு மணி நேரம் ஒருவர் வருவது இருவருக்கும் நல்லது, செலவும் பாதியாகும். அப்போது ஒன்றை மட்டும் முதல் நாளே தெளிவாக்குங்கள்: சாப்பாடு, தூக்கம், டிவி இவற்றில் யார் சொல் இறுதி? இரண்டு எஜமானிகளின் நடுவே மாட்டிக்கொண்ட ஆயாக்கள் நின்றுவிடுவார்கள். காரணத்தைச் சொல்லவும் மாட்டார்கள்.

கோடை முடியும் நாள்தான் அடுத்த விடுமுறைக்கான ஏற்பாடு தொடங்கும் நாள். புதிய பள்ளி நாட்காட்டி வந்ததும் காலாண்டு, அரையாண்டுத் தேதிகளை ஒரு சீட்டில் எழுதி, கணக்கை முடித்து, கூடுதல் கூலியைக் கையில் கொடுக்கும்போது அந்தச் சீட்டையும் கொடுங்கள். எந்தெந்த நாள் தனக்கு ஒத்துவராது என்று அவர் அதில் கோடு போட்டுத் தரட்டும். கோடு போடாத தேதிகளுக்கு முன்பணம் எப்போது தருவது என்பதையும் அங்கேயே குறித்துவிடுங்கள். யாரும் இல்லாத நாட்களில் எத்தனை நாளுக்கு ஆள் உறுதி, எத்தனை நாளுக்கு இன்னும் தேட வேண்டும் என்பது செப்டம்பரில் பதறித் தெரிந்துகொள்ளாமல் ஜூனிலேயே தெரிந்திருக்கும்.